மட்டம் பார்த்தாச்சு

அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் போவதென்றாலும் படி இறங்கித்தான் போக வேண்டும். கட்டும்போது வீடுகள் மேட்டில்தான் இருந்தன. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதியதைக் கொட்டினார்கள். சாலை வளர்ந்தது, வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. இப்போது சாலையோரக் கால்வாயில் ஓடும் தண்ணீர், வீட்டுக்குள் நிற்பவரின் முழங்கால் உயரத்தில் ஓடுகிறது. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அவ்வளவுதான். ஏரிக்கரை உடைந்த அன்று வெள்ளம் ஏன் இந்தத் தெருவை முதலில் தேடி வந்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்து, சேறு வழித்து, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கண்டக்டரம்மாவும் சவரக்கடைக்காரரும் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். சுகாதார நிலையத்து மனநல டாக்டரம்மா இந்த வேலைக்கு வெளியாட்களை எடுக்கவில்லை. வெள்ளத்தில் மாட்டியவர்களையே பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தார். எப்போதும் இருவராகப் போக வேண்டும். ஒருவர் பேச்சுக் கொடுக்க, மற்றவர் வீட்டைப் பார்க்க வேண்டும். அடுப்பு எரிந்திருக்கிறதா, படுக்கை கசங்கியிருக்கிறதா, தட்டில் வைத்தது தட்டிலேயே இருக்கிறதா என்பதையெல்லாம் வாயைவிட வீடு சீக்கிரம் சொல்லிவிடும். கூப்பிடாமல் உட்காரக் கூடாது. அவர்கள் தரையில் இருந்தால் நாமும் தரையில். "கவலைப்படாதீங்க", "பார்த்துக்கிறோம்" போன்ற சொற்களுக்குத் தடை. மறுபடி எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொன்னால் சொன்னபடி வந்து நிற்க வேண்டும்.

சவரக்கடைக்காரருக்கு இதில் ஒன்றுதான் கஷ்டம். "கேட்டுக்கிட்டே இருன்னா எப்படிம்மா? என் தொழில்ல வாயை மூடினா கத்தி வழுக்கும்" என்று பயிற்சியின்போதே முறையிட்டார்.

கண்டக்டரம்மாவுக்கு வேறு கஷ்டம். வெள்ளத்தன்று அவள் பேருந்து பாதி மூழ்கி நின்றது. பயணிகளைக் கூரைமேல் ஏற்றி, தலை எண்ணி எண்ணிப் பொழுதைக் கழித்தவள். இன்றைக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணுகிறாள். தேவையில்லை என்று தெரியும், விரல் தானாக மடங்குகிறது. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "எண்ணுங்க. எண்ணுறது தெரிஞ்சு எண்ணுங்க, அது போதும்" என்றார்.

தெருக்கோடி வீட்டுக்கு இருவரும் இரண்டு முறை போய்விட்டார்கள். அது சாய ஆலையின் பாய்லர்க்காரர் வீடு. இரண்டு முறையும் அவர் வாசலிலேயே நின்று, "நல்லாத்தான் இருக்கேன். கஷ்டப்படுறவங்களைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. முதல் முறை போனபோது கண்டக்டரம்மா தடையை மறந்து, "நாங்க இருக்கோம்ல அண்ணே, பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் கதவைச் சாத்தினார்.

அந்த வார நடுவில், காலை நெரிசலில், பாய்லர்க்காரரின் மனைவி கண்டக்டரம்மாவின் பேருந்தில் ஏறினாள்.

"எங்கக்கா?"

"எங்கயும் இல்ல தங்கச்சி. உன்னைப் பார்க்கத்தான் ஏறினேன்."

"என்னைப் பார்க்கிறதுக்கும் டிக்கெட் உண்டு. செக்கிங் ஏறினான்னா என் சீட்டைக் கிழிச்சிருவான். அடுத்த நிறுத்தம் போட்டுக்கிறேன், சொல்லுங்க. முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள கபடி ஆடலாம் போல இருக்கு, படியில ஏன் தொங்குறீங்க?"

"அவர் தூங்குறதே இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"நாற்காலியில உட்கார்ந்தபடி தலை சாயும். சாய்ஞ்ச மாத்திரத்துல திடுக்குன்னு எழுந்திருவாரு. நேத்து அடுப்புல வெந்நீர் வெச்சுட்டு, அந்தக் குழாய் முன்னாடி போய் உட்கார்ந்துட்டாரு. தண்ணி வத்தி, பாத்திரம் சிவந்து, பக்கத்துல இருந்த கைப்பிடித் துணி பத்திக்கிச்சு. பொண்ணு மட்டும் பார்க்கலைன்னா..." அவள் கம்பியை மாற்றிப் பிடித்தாள். "ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். பையெல்லாம் கட்டியாச்சு."

"அப்ப உங்க வீட்டுக்காரர்?"

"வரமாட்டேங்கிறாரே. வீட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்கிறாரு. ஆலை அடுத்த வாரம் திறக்குது, அவர்தான் பாய்லர் பத்த வைக்கணும். அதுக்கும் பதில் இல்ல. இருபது வருஷம் குடும்பம் நடத்தினேன் தங்கச்சி. இப்ப ஒரு குழாய்க்குச் சக்களத்தியா இருக்கேன்."

"அது என்னக்கா குழாய்?"

"வந்து பாரு. சொன்னா சிரிப்ப."

நிறுத்தம் வந்துவிட்டது. விரல்கள் மடங்கின, இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

மதியம் பணிமனையிலிருந்து கண்டக்டரம்மா டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "ஆஸ்பத்திரிக்குக் கண்டிப்பா வரணும். இவ்வளவு நாள் தூக்கம் இல்லாம இருக்கறது ஆபத்து, மருந்து தேவைப்படலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. தூங்குறாரா, சாப்பிடுறாரான்னு கேட்டீங்க. எதைக் காவல் காக்குறாருன்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், வானம் மூட்டமாக இருந்தது. இந்த முறை மனைவியே கதவைத் திறந்து உள்ளே அழைத்தாள். படி இறங்கியதும் சவரக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். அந்த வீட்டில் தரையில் எதுவும் இல்லை. அடுப்பு மேசைமேல், மேசை செங்கல்மேல். கட்டிலின் கால்களுக்கு அடியில் மரத்துண்டுகள். ஏறுவதற்கு ஒரு முக்காலி. தையல் இயந்திரம் பலகைமேல் ஏறியிருந்தது. மனைவி தலையணை உறை தைப்பவள், மிதிக்கக் கால் எட்டாமல் கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்துவந்தாள். பரண்மேல் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன.

தெருப்பக்கச் சுவரையொட்டி ஒரு நாற்காலி. அதில் பாய்லர்க்காரர். அவர் முன்னால் அந்தக் குழாய்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் குழாய், அதுதான். சுவரில் துளையிட்டு ஒரு முனையை வெளியே கால்வாய்க்குள் விட்டிருந்தார். உள்ளே வந்த குழாய் தரையருகே வளைந்து, சுவரோடு நிமிர்ந்து ஆளுயரம் ஏறியது. பக்கத்தில் சிவப்பு மையில் கோடுகள். கீழே வளைவில் ஒரு சின்னத் திருகு, அதன் வாயில் ஒரு வாளி.

சவரக்கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, இது எப்படி வேலை செய்யுது?"

கண்டக்டரம்மா அவரை முறைக்க நினைத்தாள். ஆனால் பாய்லர்க்காரர் தலை நிமிர்ந்துவிட்டது. மூன்று சந்திப்புகளில் முதல் முறையாக யாரோ அவரிடம் அவரைப் பற்றிக் கேட்காமல், அவர் செய்ததைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

"தண்ணி எங்க இருந்தாலும் சம மட்டத்துக்குத்தான் வரும். வெளிய கால்வாய்ல எவ்வளவு உயரமோ, இங்க குழாய்லயும் அவ்வளவு உயரம். எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்ல. இப்ப பாருங்க, ரெண்டாம் கோட்டுக்குக் கீழ. நாலாம் கோடு வந்தா பொருளை ஏத்தணும். அஞ்சு வந்தா ஆளை ஏத்தணும்."

"அந்தத் திருகு எதுக்கு?"

"அதுதானே முக்கியம்!" அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். "பாய்லர்லயும் இதே மாதிரி ஒரு கண்ணாடி இருக்கும். கேஜ் கண்ணாடி. உள்ள எவ்வளவு தண்ணி இருக்குன்னு அது ஒண்ணுதான் சொல்லும். தண்ணி குறைஞ்சா இரும்பு காய்ஞ்சு பிளந்துரும், கட்டடமே போயிரும். ஆனா கண்ணாடி பொய் சொல்லும் தம்பி. கீழ துவாரத்துல அழுக்கு அடைச்சுக்கிச்சுன்னா பழைய தண்ணி அப்படியே நிக்கும். பார்க்க மட்டம் சரியா இருக்கும், உள்ள காலி. அதனால திருகைத் திறந்து கண்ணாடியைக் காலி பண்ணணும். மூடினா சரசரன்னு ஏறி வரணும். வந்தா உண்மை. வரலைன்னா பொய்."

கண்டக்டரம்மாவுக்கு வாசலில் கேட்ட 'நல்லாத்தான் இருக்கேன்' ஞாபகம் வந்தது. டாக்டரம்மா சொன்ன கேள்வியைச் சுற்றி வளைத்து எடுத்தாள்.

"ஷிப்ட் முடிஞ்சா எப்படிண்ணே கிளம்புவீங்க? எங்களுக்குன்னா மெஷினையும் பையையும் அடுத்த ஆள் கையில குடுத்துட்டு நடந்துருவோம்."

"பாய்லர்ல அப்படி நடக்க முடியாது. அடுத்த ஆள் வந்து நிப்பான். நான் மட்டம் சரியா இருக்குன்னு சொன்னா அவன் நம்பக் கூடாது. அவனே திருகைத் திறக்கணும், அவனே மூடணும், ஏறி வர்றதை அவன் கண்ணால பார்க்கணும். அப்புறம் 'பார்த்தாச்சு, எடுத்துக்கிட்டேன்'னு வாய்விட்டுச் சொல்லணும். அதுவரைக்கும் இடி விழுந்தாலும் நான் நகரக் கூடாது. அதான் முறை."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நல்லா இருக்கு முறை! 'நான் பார்த்துக்கிறேன், நீங்க போய்ப் படுங்க'ன்னு தினமும் நானுந்தான் தொண்டை கிழியக் கத்துறேன். காதுல விழுதா பாரு."

பாய்லர்க்காரர் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "சொல்றா. பார்க்கல."

சின்ன வார்த்தைதான். கண்டக்டரம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். தானும் வாசலில் நின்று பார்த்துக்கிறோம் என்று சொன்னவள்தான். எதைப் பார்த்துக்கொண்டாள்? குழாய் இருப்பதே அன்றைக்குத் தெரியாது. மனைவி சொன்னதும் அப்படித்தான். அடுப்படியில் நின்று, குழம்பைக் கிளறிக்கொண்டே, பிரியத்தோடு சொன்னது. ஆனால் இவர் கணக்கில் இன்னும் யாரும் வந்து நிற்கவில்லை.

"அண்ணே, அக்காவுக்கு அதைக் கத்துக் குடுப்பீங்களா?"

"எனக்கா?" மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "தங்கச்சி, உன்னை இவரை மாத்தத்தான் கூப்பிட்டேன். இந்தக் கூத்துக்கு என்னையும் ஆள் சேர்க்கிறியே!"

"மாத்த வரலைக்கா. ஒரு தடவை பாருங்க. பிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை உங்களை நானே பஸ்ஸுல ஏத்தி உட்கார வைக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றுகிறோமோ? சவரக்கடைக்காரர் முதல் முறையாக வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். வெளியே தூறல் ஆரம்பித்தது. பாய்லர்க்காரரின் தோள் விறைத்தது.

மனைவி கரண்டியைச் சவரக்கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, குழாய் முன்னால் குத்துக்காலிட்டாள்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"இடப்பக்கம். மெதுவா. முதல்ல காலியாகும், அப்புறம் கால்வாய்த் தண்ணி வேகமா வந்து வாளியில விழும். மூக்கைப் பிடிச்சுக்கோ, நாறும்."

"உங்க கூட இருக்கிறதுக்கு இதுவும் ஒரு வரம்."

திருகினாள். குழாயில் நின்ற தண்ணீர் இறங்கி வாளியில் விழுந்தது. பிறகு சொட்டியது. பிறகு நின்றது. மூடினாள். எல்லாரும் குழாயையே பார்த்தார்கள். அது காலியாக நின்றது. கூரையில் தூறல் சத்தம் கேட்டது. குழாயில் ஒன்றும் ஏறவில்லை.

"ஏங்க," என்றாள் மனைவி. "வரலையே."

பாய்லர்க்காரர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அடைச்சிருக்கு." அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "காலையில நான்... நேத்து சாயங்காலம் திறந்தேனா? திறந்தேன். இல்ல, முந்தா நாளா?" கன்னத்தைத் தடவினார். "இவ்வளவு நேரம் செத்த தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

மனைவி தரையிலிருந்தே கையை நீட்டி அவர் பாதத்தைத் தொட்டாள். "ஒரு ஆளு எத்தனை நேரம்தான் பார்ப்பீங்க? அதுக்குத்தானே ஷிப்ட்டுன்னு ஒண்ணு வெச்சிருக்கான்."

அவர் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் தரையில் உட்கார்ந்ததை அவள் பார்த்ததில்லை. கண்டக்டரம்மாவும் தரையில் உட்கார்ந்தாள். கரண்டியும் கையுமாகச் சவரக்கடைக்காரரும்.

"அன்னைக்கு ரெண்டு மணிக்கு அவன் வரணும்," என்றார் பாய்லர்க்காரர்.

யார் என்று மனைவிக்குத் தெரியும். இரண்டாம் ஷிப்ட்காரன், அவருடைய சிநேகிதன், பாலத்தருகே பிணமாகக் கிடைத்தவன். சாவுக்கு அவளும் அவரும் சேர்ந்துதான் போய் வந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை.

"ரெண்டு ஆச்சு. ரெண்டரை ஆச்சு. நான் போன் போட்டுத் திட்டினேன். 'எங்கடா தூங்குற, வந்து தொலை'ன்னு. 'சைக்கிளை எடுத்துட்டேன் மச்சான், தண்ணியா கிடக்கு, வந்துட்டே இருக்கேன்'னான். அப்புறம் தண்ணி பாய்லர் அறைக்குள்ளயும் வந்துருச்சு. உள்ள நெருப்பு எரியுது. பச்சைத் தண்ணி சூட்டு இரும்புல பட்டா வெடிச்சிரும். ஆலையில வேலை பார்க்குற பொம்பளைங்க அத்தனை பேரும் மாடியில ஏறி நிக்கிறாங்க. தனியா நெருப்பை வாரி வாரி வெளிய இழுத்துப் போட்டேன். ஆவியை விட்டேன். எல்லாம் அணைஞ்ச பிறகும் நகரல. அவன் வருவான், வந்து எடுத்துக்குவான்னு நின்னுக்கிட்டே இருந்தேன். படகுல வந்தவங்க தூக்கிட்டுப் போனாங்க. எங்கிட்ட இருந்து இன்னும் யாரும் எடுத்துக்கல."

கண்டக்டரம்மாவுக்கு நாக்கு நுனியில் நிறைய வார்த்தைகள் வந்தன. உங்க தப்பு இல்ல என்பது அதில் முதலாவது. அதை விழுங்கினாள்.

"நான் இன்னமும் தலை எண்ணுறேன் அண்ணே," என்றாள். "பஸ்ஸுல. கூரையில இருந்து எல்லாரையும் இறக்கியாச்சு. இருந்தும் எண்ணுறேன்."

அவர் அவளைப் பார்த்தார். "எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?"

"டாக்டரம்மாகிட்ட. இப்ப உங்ககிட்ட."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார் சவரக்கடைக்காரர். "நான் என்னவோ நம்ம பஸ்ஸுல வருமானம் குறைஞ்சிருச்சுன்னு ஆளை எண்ணுறீங்கன்னு நினைச்சேன்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். பாய்லர்க்காரர் சிரிக்கவில்லை. ஆனால் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மட்டத்துல குறை இருந்தா ஷிப்ட்டை வாங்குறவன் தனியாச் சரி பண்ணக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணணும். அதுவும் முறை."

சவரக்கடைக்காரர் நீளக் கம்பியோடு மழையில் இறங்கிக் கால்வாய்ப் பக்கமிருந்து குத்தினார். உள்ளே பாய்லர்க்காரர் குழாயை உதறினார், மனைவி திருகைத் திறந்து மூடினாள். "வருதா?" என்று வெளியிலிருந்து கத்தல். "இல்ல!" என்று உள்ளேயிருந்து கத்தல். குழாய் முனையில் கட்டியிருந்த வலைத்துணிமேல் சேறும் முடியும் பிளாஸ்டிக் தாளும் அப்பளம்போல ஒட்டியிருந்தன. "முடியை எடுக்கிறது நமக்குப் புதுசா!" என்று சத்தம் கேட்டது. அடுத்த கணம் குழாயில் தண்ணீர் சரசரவென்று ஏறி, ஆடி, இரண்டாம் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

"தூறலுக்கு அவ்வளவு ஏறும். பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் பாய்லர்க்காரர். இத்தனை நாளில் அந்த வீட்டில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் முறை.

மனைவி மறுபடி திறந்தாள். காலியாகட்டும் என்று காத்திருந்தாள். மூடினாள். ஏறியது. கோட்டருகே கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவருக்கு நேராக நின்றாள்.

"பார்த்தாச்சு. எடுத்துக்கிட்டேன்."

அவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். ஏதோ மறந்துபோனவர்போலக் கைகளைப் பார்த்தார்.

"நகருங்க," என்றாள் அவள், மெதுவாக. "என் ஷிப்ட்."

முக்காலியில் ஏறிக் கட்டிலில் படுத்தார். கண்டக்டரம்மா அருகில் போய், "செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாகிட்ட போறோம்ணே. காலையில நான் வந்து கூட்டிட்டுப் போவேன். அடைச்சதைக் கழுவ அங்கயும் ஆள் இருக்கு," என்றாள். "ம்," என்றார். வாய் திறந்துகொண்டது, குறட்டை கிளம்பியது.

"இந்தச் சத்தத்துக்காக ஏங்குவேன்னு கனவுலகூட நினைக்கல," என்றாள் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

கண்டக்டரம்மா கிளம்புமுன் பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தெருவில் மழைக்குத் தூங்காதவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. ஆளுக்கு ஒரு ஷிப்ட் என்றதும் எதிர்வீட்டுக்காரர், "எனக்கும் அந்தக் குழாயைக் காட்டுங்க. சும்மா புரண்டுக்கிட்டுக் கிடக்குறதுக்குப் பதிலா உருப்படியா முழிச்சிருக்கேன்," என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் பை நழுவியது. "அம்மா! அப்பாவுக்கு என்ன?"

"தூங்குறாரு. கத்தாத. இங்க வா, இதைத் திற. நான் சொன்னா நம்பாத, நீயே பாரு. நான் போய் அடுப்பைக் கீழ இறக்கணும், கை எட்டிச் சமைச்சுப் பல நாளாச்சு."

அடுப்பு இறங்கும் சத்தத்தில் அவர் விழித்தார். மழை வலுத்திருந்தது. எழுந்த வேகத்தில் முக்காலியைத் தேடிய கால் அந்தரத்தில் நின்றது.

"யாரு ட்யூட்டி?"

"நான்தான்ப்பா," என்றாள் மகள், நாற்காலியில் சம்மணமிட்டு, மடியில் புத்தகத்தோடு. "மட்டம் மூணாம் கோடு. இப்பத்தான் திறந்து பார்த்தேன், சரசரன்னு வந்துச்சு. அடுத்தது எதிர்வீட்டு மாமா. உங்க ஷிப்ட் காலையிலதான். வெளியாளுங்க இங்க நிக்கக் கூடாது."

அவர் குழாயைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். திருகை நோக்கி நீண்ட கையைப் பாதியில் மடக்கிக்கொண்டார்.

அப்போது மனைவியின் போன் அடித்தது. அவளுடைய அண்ணன். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி வண்டி, எங்கே வந்து நிற்க வேண்டும் என்று கேட்டார். அவள் தரையில் உட்கார்ந்து, இறங்கி வந்த அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வர முடியாதுண்ணே. எனக்கு ட்யூட்டி போட்டிருக்காங்க."

கட்டிலில் காலை மேலே தூக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும்.